ஏறும் என்று நான் சொன்ன கார்

பழைய மோட்டார் வாகனங்களை வாங்கி விற்கும் இளைஞர் ஒருவர் சென்ற மாதம் கல்லடியில் என் வீட்டுக்கு வந்தார். அந்தத் தொழிலில் நான் நெடுங்காலம் இருந்தவன் என்று யாரோ அவருக்குச் சொல்லியிருக்கிறார்கள். இப்போது விலையைப் பத்திரிகையிலேயே அச்சடித்துப் போட்டுவிடுகிறார்களாம். ஆனாலும் வருகிறவர்கள் பேரம் பேசாமல் விடுவதில்லையாம்.

"உங்கட காலத்தில எப்பிடி ஐயா வெல பேசின? அதக் கொஞ்சம் எழுதித் தந்தா எங்கட பொடியனுகளுக்கும் வாசிச்சுக் காட்டலாம்" என்றார்.

எழுதுகிறேன் என்று சொல்லிவிட்டேன். அவர் எதிர்பார்ப்பது கெட்டிக்காரத்தனமான கதைகளை. அப்படிச் சிலவும் என்னிடம் உண்டு. ஆனால் எழுத உட்கார்ந்தால் ஒரு பேரம்தான் முன்னால் வந்து நிற்கிறது. அதில் யார் யாரை ஏமாற்றினார்கள் என்பது இன்றுவரை எனக்குத் தெளிவாகவில்லை. என் பங்கு என்ன என்பது மட்டும் தெரியும். அதையே எழுதுகிறேன்.

என் தகப்பனார் மெதடிஸ்த பாடசாலை ஆசிரியர். என்னை ஆங்கிலம் படிப்பித்து அரசாங்க உத்தியோகத்தில் அமர்த்த வேண்டும் என்பது அவர் எண்ணம். நான் சோதனை எழுதி முடித்தபோது நாட்டில் காசு இல்லை. தேயிலைக்கும் இறப்பருக்கும் விலை விழுந்திருந்தது. கந்தோர்களில் இருப்பவர்களையே நிறுத்திக்கொண்டிருந்தார்கள். மலைநாட்டுத் துரைமார் பலர் தோட்டத்தை விட்டுச் சீமைக்குத் திரும்பினார்கள். திரும்பும்போது கார்களை வந்த விலைக்கு விற்றார்கள். அந்தக் கார்களை வாங்கிப் பதுளை வீதியால் இறக்கிக்கொண்டுவந்து மட்டக்களப்பில் விற்றவர் எங்கள் முதலாளி, ஏறாவூர் உதுமாலெவ்வை. துரைமாரோடு ஆங்கிலத்தில் பேசவும் கடிதம் எழுதவும் அவருக்கு ஓர் ஆள் தேவைப்பட்டது. அப்படித்தான் வாவிக்கரையில் இருந்த அவருடைய கராஜுக்கு நான் கிளாக்கராகப் போனேன். ஓட்டப் பழகினேன், எஞ்சினின் சத்தத்தைக் கேட்டு நோய் சொல்லப் பழகினேன். அவற்றை இப்போது யாரும் யாரிடமும் பழகலாம். முதலாளியின் முறையைப் பற்றித்தான் சொல்ல வேண்டும்.

அவர் மெலிந்த, உயரமான மனிதர். வெள்ளைச் சாரமும் கறுப்புக் கோட்டும் தொப்பியும்தான் எப்போதும். குரல் உயர்த்தி நான் கேட்டதில்லை. வாங்க வந்தவரை அவர் எழுந்துபோய் வரவேற்க மாட்டார். காருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு வாங்கில் இருப்பார். வந்தவர் தன்பாட்டில் காரைச் சுற்றிப் பார்த்து, கதவைத் திறந்து மூடி, சக்கரத்தை உதைத்துப் பார்த்துவிட்டு, தானாகவே அவரிடம் வந்து சேர வேண்டும். வந்ததும் மழையைப் பற்றிப் பேசுவார், வேளாண்மையைப் பற்றிக் கேட்பார். பிறகு தோளில் கிடக்கும் துவாயை எடுத்துத் தன் வலக்கையின் மேல் போடுவார். வந்தவரும் கையை அதற்குள் நீட்டுவார்.

அவருடைய தகப்பனார் மாட்டு வியாபாரி. துணிக்குள் விரலைப் பிடித்து விலை பேசுவது அங்கிருந்து வந்த வழக்கம். எந்த விரல், எத்தனை விரல், எவ்வளவு அழுத்தம் என்பதெல்லாம் கணக்கு. சுற்றி நிற்பவர்களுக்கு ஒன்றும் தெரியாது. ஒரு முழம் தள்ளி நிற்கும் எனக்கும் தெரியாது. துணி அசைவதைத்தான் பார்ப்பேன். அந்த நேரத்தில் இருவர் வாயிலிருந்தும் விலையைப் பற்றி ஒரு சொல் வராது. வாங்குபவர் காரைப் பற்றிச் சத்தமாகக் கேள்வி கேட்பார். "மெசின் விசயமெல்லாம் தம்பிக்கிட்டக் கேளுங்க. இங்கிலீசில படிச்சவர்" என்று முதலாளி என் பக்கம் தலையை அசைப்பார். நான் பதில் சொல்வேன். என் பதிலுக்குத் தகுந்தபடி துணிக்குள் விரல்கள் இறுகும் அல்லது தளரும்.

துணிக்குள் முடிந்தது முடிந்ததுதான். பிறகு அதை வாங்கியவரும் கிளற முடியாது, விற்றவரும் கிளற முடியாது. அதை மீறியவரோடு யாரும் அதன்பிறகு கை கோக்க மாட்டார்கள்.

புதிதில் நான் ஒரு தவறு செய்தேன். காத்தான்குடிப் புடவை வியாபாரி ஒருவர் ஒரு சிறிய காருக்குக் கை கொடுத்திருந்தார். "இது மழையில நனைஞ்ச காரா, தம்பி?" என்று கேட்டார். பதுளை வீதியால் நானே அதை அடைமழையில் ஓட்டி வந்திருந்தேன். "ஓம், நல்லா நனைஞ்சது. சூறாவளி மாதிரி அடிச்சது மழை" என்று உற்சாகமாகச் சொன்னேன். அவர் போன பிறகு முதலாளி என்னைக் கூப்பிட்டார்.

"தம்பி, மழையில நனையாத காரு எங்க இரிக்கி?"

"ஒண்டும் இல்ல, முதலாளி."

"அது அவருக்குத் தெரியாதா?"

"தெரியும்."

"மறுகா ஏன் கேட்டார்? வெலையக் கேட்டார். டயரக் கேட்டாலும் வெலதான், மழையக் கேட்டாலும் வெலதான், உன்ட தகப்பன் சுகமா எண்டு கேட்டாலும் வெலதான். உன்ட வாயால எனக்கு ஒரு விரல் போச்சி."

அவர் கோபிக்கவில்லை. சிரித்துக்கொண்டுதான் சொன்னார். ஆனால் நான் அதைப் பிடித்துக்கொண்டேன். கேள்வி முடியுமுன் பதில் சொல்லப் பழகினேன். வண்டி பற்றிக் கேட்கிறார்கள் என்று எண்ணுவதையே விட்டுவிட்டேன். என் பதிலில் விரல் தளராமல் இருந்தால் போதும். முதலாளிக்கு என்மேல் பிரியம் கூடியது. கராஜில் மற்றவர்கள் என்னை "ஓம் மாஸ்டர்" என்று பகிடி பண்ணினார்கள்.

இனி அந்தக் கார்.

ஒரு பெரிய தோட்டத்துத் துரை வைத்திருந்த நீளமான மூடிய கார் அது. கரும்பச்சை நிறம், ஆறு சிலிண்டர். உள்ளே மரவேலையும் தோல் இருக்கையும் ஜன்னலுக்குப் பட்டுத் திரையும் இருந்தன. பின்னிருக்கை ஒரு கட்டில் அளவு அகலம். குழியில் இறங்கினாலும் உள்ளே இருப்பவருக்குத் தெரியாது. எண்ணெயும் அந்த உடம்புக்கு ஏற்றபடி குடித்தது. மட்டக்களப்பில் அதை வாங்கிக் கட்டுப்படியாகக்கூடியவர்கள் குறைவு. வழக்கறிஞரான ஒரு புரக்டர் ஐயா வந்து உள்ளே சிறிது நேரம் இருந்துவிட்டு, கோயிலுக்குள் இருப்பது போல இருக்கிறது என்று சொல்லி எழுந்து போனார். மாதக்கணக்காக அது நின்றது.

அதற்குப் படுவான்கரையிலிருந்து ஒரு போடியார் வந்தார். வாவிக்கு மேற்கே நெல்வட்டைகள் வைத்திருக்கும் பெரிய காணிக்காரர். ஊரையும் பெயரையும் எழுதப் போவதில்லை. அவர் பருத்த உடம்பும் பெரிய சிரிப்பும் உள்ளவர். அவரோடு ஒரு கூடார வண்டிலும் வந்தது. வீதியோரம் வாகை மரத்தடியில் மாடுகளை அவிழ்த்து நிறுத்தினார்கள். உள்ளே அவருடைய மனைவி இருந்தார். இறங்கவில்லை.

"என்ன முதலாளி, இது காரா, கோயில் தேரா? வடம் பிடிக்க ஆள் வேணும் போல கிடக்கு."

"ஆரும் இழுக்கத் தேவையில்ல, போடியார். எண்ணெய் ஊத்தினாப் போதும்."

"ஓம், ஓம். என்ட வட்டை நெல்லு முழுக்க இதுக்குள்ளதான் ஊத்தணும்."

என்னிடமும் இரண்டு மூன்று கேள்வி கேட்டு, எல்லாவற்றுக்கும் உடனே ஓம் வாங்கிக்கொண்டு, சிரித்துவிட்டுப் போனார். மறுபடியும் வந்தார். அப்போதும் வண்டில் கூட வந்தது. முதலாளி தொழுகைக்குப் போயிருந்த நேரம், போடியார் தெரிந்த கடையில் சாப்பிடப் போயிருந்தார். அந்த நேரம் பார்த்து அந்த அம்மா வண்டிலிலிருந்து இறங்கி வந்தார். கையில் சுருட்டிய பன்பாய் ஒன்று இருந்தது. என்னிடம் ஒரு சொல்லும் பேசாமல் காரின் பின்கதவைத் திறக்கும்படி கையால் காட்டினார். திறந்தேன். பாயைப் பின்னிருக்கையில் விரித்து, இரண்டு பக்கமும் தடவிப் பார்த்து, மீண்டும் சுருட்டிக்கொண்டு போய்விட்டார்.

இருக்கை அழுக்காகாமல் இருக்கப் பாய் போடப் போகிறார்கள் என்று நினைத்தேன். மெக்கானிக்கிடம் சொன்னேன். "துரைட காருக்குப் பன்பாய் போடப் போறாங்க" என்று இருவரும் சிரித்தோம்.

எனக்குத் தெரியாமல் இருந்ததை இங்கேயே சொல்லிவிடுகிறேன். அந்த வீட்டில் ஒரே மகள். கலியாணம் முடித்திருந்த அந்த மகளுக்கு முதல் பிள்ளை வயிற்றில் இருந்தபோது பிரசவ நோக்காடு தொடங்கி, மாட்டு வண்டிலில் குலுங்கக் குலுங்கத் துறைக்குக் கொண்டுவந்து, வாவியைக் கடந்து ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேருமுன் பிள்ளை தங்காமற் போனது. இப்போது அவர் மீண்டும் பிள்ளை சுமந்திருந்தார். முதற்பிள்ளை தங்காத வீட்டில் அடுத்ததைப் பற்றி வெளியே வாய் திறக்க மாட்டார்கள். கண்ணூறு படும் என்ற பயம். தாய்க்கு வேண்டியிருந்தது மகளைக் கிடந்தபடி, குலுங்காமல் கொண்டுபோகக்கூடிய ஒரு வண்டி. அந்த ஒரு பிள்ளைக்காகத்தான் அவ்வளவும். எங்களுக்கு அது தெரியாது. துரைமாரைப் போல எழுப்பமாக, பகட்டாகப் போகும் ஆசை என்றே நினைத்தோம்.

மூன்றாவது முறை வந்தபோது முதலாளி துவாயை விரித்தார். போடியார் கையை நீட்டினார். வண்டில் இம்முறை கராஜ் வாசலுக்கே வந்து நின்றது. துணி அசைந்தது. போடியார் எஞ்சினைக் கேட்டார், பிரேக்கைக் கேட்டார். கேள்வி முடியுமுன் பதில் சொன்னேன். வெயில் ஏறியது. போடியாரின் நெற்றியில் வியர்வை வந்தது. முதலாளியின் முகம் அப்படியே இருந்தது. இருவரும் கிட்ட வந்துவிட்டார்கள் என்று எனக்குத் தெரிந்தது. துணி அசைவது நின்றிருந்தது.

அப்போது வண்டிலுக்குள்ளிருந்து குரல் வந்தது.

"தம்பி, இது பாதையில ஏறுமா?"

எங்கள் பக்கத்தில் படுவான்கரைக்குப் பாலம் இல்லை; வாவியைக் கடக்க, இரண்டு தோணிகளைச் சேர்த்துக் கட்டி மேலே பலகை அடித்த மிதவை ஒன்று உண்டு. அதைப் பாதை என்போம். மாட்டு வண்டில்கள் அதில்தான் ஏறி இறங்கும்.

"ஓம் அம்மா. நெல்லேத்தின வண்டில் ஏறுது, இது ஏறாதா? தாராளமா ஏறும்" என்றேன்.

போடியார் வண்டில் பக்கம் திரும்பினார். "கேட்டயாகா? இங்கிலீசு படிச்ச புள்ள சொல்லுது. மறுகா என்ன?" என்று சிரித்தார். துணிக்குள் கை இறுகியது. முதலாளி துவாயை எடுத்து உதறித் தோளில் போட்டார். பேரம் முடிந்தது.

இதை நான் எத்தனை தடவை என்னிடமே கேட்டிருக்கிறேன் என்று எனக்குத் தெரியாது. அந்தக் காரின் நிறை அதன் கைநூலில் இருந்தது. நான் வாசித்திருக்கிறேன். பாதையில் நான் பலமுறை போயிருக்கிறேன். பாரம் கூடினால் பாதைக்காரர் மாடுகளை வேறாக ஏற்றுவதையும் பார்த்திருக்கிறேன். இரண்டையும் சேர்த்துப் பார்த்திருந்தால் ஏறாது என்று தெரிந்திருக்கும். சேர்த்துப் பார்க்கவில்லை. அது பொய்யா? தெரிந்து சொல்லவில்லை. தெரியாமல் சொன்னேன் என்றும் சொல்ல முடியவில்லை. கடைசி நேரத்தில் ஒரு விரலைக் குறைக்கக் கேட்கிறார் என்றே எடுத்துக்கொண்டேன். ஒரு பெண் ஒரு கேள்வி கேட்கிறார் என்று எனக்குத் தோன்றவேயில்லை.

அவர்கள் போன பிறகு முதலாளி கேட்டார்:

"பாதைய நீ போய்ப் பாத்தயா, தம்பி?"

"இல்ல, முதலாளி."

"ஏத்தலாமெண்டு எப்பிடிச் சொன்ன?"

"நீங்கதானே சொன்னீங்க, கேக்கிறதெல்லாம் வெலதான் எண்டு."

அவர் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். தொப்பியைச் சரிசெய்துகொண்டு உள்ளே போய்விட்டார். அவருக்கு அப்போதே சந்தேகம் இருந்ததா? இருந்தால் ஏன் வண்டிலை நிறுத்திச் சொல்லவில்லை? துணிக்குள் முடிந்ததை வாயால் கிளறக்கூடாது என்றா? அவரிடம் நான் கேட்கவேயில்லை.

காரைத் துறைக்குக் கொண்டுபோகும் வேலை எனக்கு. கழுவித் துடைத்து, கல்லடிப் பாலத்தைக் கடந்து தெற்கே ஓட்டிச் சென்றேன். போடியார் கிழக்குக் கரைத் துறையில் சொந்தக்காரரோடு காத்திருந்தார். நல்ல வேட்டியும் சால்வையுமாக வந்திருந்தார். அக்கரையில் மாலையோடும் ஆட்கள் நின்றார்கள். அவர் பின்னிருக்கையில் ஏறி அமர்ந்தார். காரோடு சேர்ந்தே ஊருக்குள் போக வேண்டும் என்பது அவர் விருப்பம்.

பாதைக்காரர் காரைச் சுற்றி வந்தார். "ஐயா, இது கப்பல்ல ஏத்துற சாமான்" என்றார்.

"நீ பலகையப் போடு" என்றார் போடியார் உள்ளேயிருந்து. "ஏறுமெண்டு படிச்ச ஆளே சொல்லிட்டுது."

பலகை போட்டார்கள். முன்சக்கரங்கள் ஏறின. உடனே பாதையின் மறுமுனை மேலெழும்பியது. எங்கள் பக்கத் தோணி விளிம்புவரை அமிழ்ந்தது. தண்ணீர் உள்ளே வந்தது. கார் முன்னுக்குச் சரிந்தது. போடியார் கதவைத் திறந்து இறங்கினார். முழங்காலளவு தண்ணீரில் நின்றார். வேட்டி முழுவதும் சேறு.  துறையில் நின்றவர்களுக்குப் பின்னாலிருந்து ஒருவன், "போடியார்ட தேர் தெப்பமாப் போச்சிடோய்" என்றான். எல்லோரும் சிரித்தார்கள்.

அவர் யாரையும் ஏசவில்லை. என்னைக்கூட ஏசவில்லை. மாடுகளை ஏற்றும் அடுத்த முறையில் அவற்றோடு நின்றபடியே அக்கரைக்குப் போனார். காரைப் பின்னுக்கு இழுத்து, துறைக்குக் கிட்ட அவர் மனைவியின் தம்பி வீட்டு வளவில் கிடுகுக் கொட்டில் போட்டு நிறுத்தினோம். அந்தத் தம்பி கிழக்குக் கரையில் கலியாணம் முடித்து, மனைவி வீட்டில் இருந்தவர்.

நடந்ததை முதலாளியிடம் சொன்னேன். அவர் யாரும் எதிர்பார்க்காததைச் செய்தார். தானே படுவான்கரைக்குப் போய், காரைத் திருப்பி எடுத்துக்கொள்கிறேன், முழுக் காசும் தருகிறேன் என்று சொன்னார். தன் வாழ்நாளில் அந்த ஒருமுறைதான் அவர் துணிக்குள் முடிந்ததைக் கிளறினார் என்று நினைக்கிறேன். போடியார் மறுத்துவிட்டார்.

"கை கோத்தது கோத்ததுதான், முதலாளி. ஊர் சிரிச்சது பத்தாதெண்டு குடுத்ததத் திருப்பி வாங்கினானெண்டும் சிரிக்கணுமா?"

முதலாளி திரும்பிவந்து இதை எனக்குச் சொல்லிவிட்டு, "மனுசன் சரியாத்தான் சொல்றார். அதான் கஸ்டம்" என்றார்.

மழைக்காலம் வந்தது. ஒருநாள் காலை சைக்கிளில் ஒருவர் நனைந்தபடி கராஜுக்கு வந்தார். அந்த அம்மா என்னை உடனே துறைக்கு வரச் சொன்னாராம், காரை எடுத்து வைக்கச் சொன்னாராம். அந்தப் பக்கத்தில் கார் ஓட்டத் தெரிந்தவர் வேறு யாரும் இல்லை. முதலாளி எண்ணெய் டின்னோடு என்னைத் தன் காரிலேயே கொண்டுபோய்விட்டார். கொட்டிலில் நின்ற கார் லேசில் பிடிக்கவில்லை. பிடித்தபோது பாதை இக்கரைக்கு வந்துகொண்டிருந்தது.

அதில் ஒரு வண்டில் நின்றது. மகளின் கணவர் மாடுகளைப் பிடித்திருந்தார். வண்டிலுக்குள்ளிருந்து பெண்கள் ஒருவரைப் பாயோடு தூக்கி இறக்கினார்கள். நான் கதவைத் திறந்து பிடித்தேன். அந்தப் பன்பாய் பின்னிருக்கையில் ஒரு விரல் கூடாமல் குறையாமல் பொருந்தியது. அப்போதுதான் எனக்கு எல்லாம் விளங்கியது.

"மெல்லத் தம்பி" என்றார் தாய்.

என் வாழ்க்கையில் அவ்வளவு கவனமாக நான் கார் ஓட்டியதில்லை. ஆரையம்பதி, காத்தான்குடி, கல்லடி. வீதியில் தண்ணீர் தேங்கியிருந்தது. ஒவ்வொரு குழியையும் கண்டு விலத்தினேன். பின்னாலிருந்து சத்தமே வரவில்லை. அது நல்லதா கெட்டதா என்று எனக்குத் தெரியவில்லை.

ஆஸ்பத்திரி விறாந்தையில் முதலாளியும் நானும் நின்றோம். பின்னேரமளவில் தாய் வெளியே வந்தார்.

"புள்ள தங்கல்ல. மகள் இரிக்கா" என்றார். பிறகு என்னைப் பார்த்து, "மெல்லக் கொண்டு வந்தீங்க, தம்பி" என்றார்.

சில நாள் கழித்து அவர் வீட்டிலிருந்து ஒரு முட்டி எருமைத் தயிர் எனக்கு வந்தது. கொண்டுவந்தவரிடம் வேண்டாம் என்று சொல்லத் துணிவு வரவில்லை. அதை என்ன செய்தேன் என்று எழுத வெட்கமாக இருக்கிறது. இரவில் வாவியில் கொட்டினேன்.

கார் பிறகு கொழும்பு வியாபாரி ஒருவருக்குப் போயிற்று. நான் அந்தக் கராஜிலும், முதலாளி காலமான பிறகு வேறு இடங்களிலும் இதே தொழிலைச் செய்து ஓய்வு பெற்றேன். ஒன்று மட்டும் மாறியது. அன்றிலிருந்து துணி விரித்திருக்கும்போது முதலாளி என்னைப் பதில் சொல்ல விடவில்லை. கேள்விகளுக்குத் தானே மெதுவாகப் பதில் சொன்னார். சில வேளை, "தெரியா, பாத்துத்தான் சொல்லணும்" என்றார். அது எனக்குத் தண்டனையா, என்மேல் இரக்கமா என்று நான் குழம்பிக்கொண்டே இருந்தேன்.

ஓய்வு பெற்றபின் ஒருநாள் பஸ் ஏறி, பாதையில் வாவியைக் கடந்து, அந்த வீட்டுக்குப் போனேன். போடியார் உயிரோடு இல்லை. அந்த அம்மா மிகவும் வயது போய், சாய்மனைக் கதிரையில் இருந்தார். ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒரு பெண் கதவைத் திறந்து என்னை இருக்கச் சொன்னார். மகள் என்று பார்த்ததும் தெரிந்தது. நான் யார் என்று சொன்னதும் தாய்க்கு ஞாபகம் வந்தது. மகள் தேத்தண்ணீர் போட உள்ளே போனார்.

வந்த காரியத்தைச் சொன்னேன். பாதையில் ஏறும் என்று நான் பார்க்காமல் சொன்னதை, விலைக்காகக் கேட்கிறார் என்று நினைத்ததை, எல்லாவற்றையும் சொன்னேன்.

"எனக்குத் தெரியும், தம்பி" என்றார் அந்த அம்மா.

"என்ன தெரியும், அம்மா?"

"அது ஏறாதெண்டு. பொறந்ததில இருந்து பாதையில ஏறி இறங்கின எனக்குத் தெரியாதா?"

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. "அப்ப ஏன் கேட்டீங்க?" என்றேன்.

"அவருக்கு முன்னால ஆராவது ஓம் எண்டு சொல்லணும். வளவுக்குள்ள வராத காருக்கு அவர் காசு குடுப்பாரா? என்ட தம்பி கிழக்குக் கரையில இருந்தான். கார அவன்ட வளவில விட்டுட்டு, எட்டாம் மாசத்தில மகளையும் அங்க கொண்டு வைக்கத்தான் நினைச்சிருந்தன். நீங்க கேட்ட உடன ஓம் எண்டு சொல்லுற புள்ள எண்டு முதல்நாளே கண்டுட்டன்."

கதிரையில் கொஞ்சம் நிமிர்ந்துகொண்டு மேலும் சொன்னார்.

"துறையில அவர் இறங்கி நிப்பாரெண்டும், சனம் சிரிக்குமெண்டும் நான் நினைக்கல்ல. மறுகா அவர் ஒரே சொல்லாச் சொல்லிட்டார். அந்தக் கார் நிக்கிற வளவுக்கு என்ட புள்ள போகப்படாதெண்டு. நான் நோக்காடு வரும்வரைக்கும் வாய மூடிக்கொண்டிருந்தன். பாவம் செஞ்சது நான். நீங்க ஏன் இவ்வளவு தூரம் வந்தீங்க?"

அதைக் கேட்டு எனக்கு ஆறுதல் வந்திருக்க வேண்டும். வரவில்லை. நான் ஏறாது என்று சொல்லியிருந்தால் கார் வாங்கப்பட்டிருக்காது. அப்படியானால் அந்தச் சிரிப்பும் இல்லை, அந்தக் கோபமும் இல்லை. மகளை வேறு வழியில் அனுப்பியிருப்பார்கள். அல்லது அனுப்பியிருக்க மாட்டார்கள். நான் இதையெல்லாம் மனதுக்குள் கூட்டிக் கழித்துக்கொண்டிருக்கும்போது, கதவடியில் மகள் தட்டோடு நிற்பதைக் கண்டேன். எவ்வளவு நேரமாக நின்றார் என்று தெரியாது.

"அந்தக் கார் எனக்கா வாங்கின?" என்று தாயிடம் கேட்டார்.

தாய் தலையசைத்தார்.

"அப்பா கெப்பருக்கு, எழுப்பமாப் போக வாங்கினதெண்டுதான் நான் இவ்வளவு காலமும் நினைச்சிருக்கன். மாமா வீட்டுக்குப் போகணுமெண்டு என்னிட்ட ஒரு சொல் சொல்லியிருந்தா நான் நடந்தே போயிருப்பன். எட்டாம் மாசம் எனக்கு ஒரு வருத்தமும் இருக்கல்ல. வட்டைக்குச் சோறு கொண்டுபோய் வந்துகொண்டுதான் இருந்தன்."

"உன்ட அப்பா விட்டிருப்பாரா, புள்ள?" என்றார் தாய் மெல்ல.

"நான் கேட்டிருந்தா விட்டிருப்பார்."

அவர் தட்டை முக்காலியில் வைத்து, ஒரு கோப்பையைத் தாயின் கையில் கொடுத்து, அது சரியாகப் பிடிபடும்வரை தன் கையையும் விடாமல் வைத்திருந்தார். பிறகு மற்றக் கோப்பையை என்னிடம் நீட்டினார்.

"ஆறப் போகுது, குடிங்க" என்றார்.

குடித்தேன். நான் இத்தனை காலம் மனதுக்குள் மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்தது தாயிடம். கேட்க வேண்டியவர் இவர்தான் என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. கேட்க வாய் எடுத்தேன். எதற்கு என்று அவர் திருப்பிக் கேட்டால் எதைச் சொல்வது என்று தெரியாமல் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு எழுந்தேன்.